பரண்மேல் கிடந்த தோட்டம்

என் கல்யாணச் சீரில் ஒரு சாக்கு வேப்பிலை இருந்தது. பித்தளைக் குடம், குத்துவிளக்கு, பாய், தலையணை எல்லாவற்றுக்கும் நடுவில், காய்ந்த இலையை அமுக்கி அமுக்கித் திணித்து வாய் தைத்த சாக்கு. வத்தலக்குண்டில் பஸ் மாறும்போது கண்டக்டர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, பொண்ணுக்கு அம்மை போட்டிருக்கா என்று என் அண்ணனிடம் கேட்டார். அண்ணன் முறைத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணப் பெண் சிரித்தால் நன்றாகவா இருக்கும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதுதான் மலை தொடங்கியது.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். பழனி அடிவாரத்தில் கீழே கடை, மேலே குடித்தனம் என்று வாழ்ந்தவர்கள் நாங்கள். வெல்லமும் பேரீச்சம்பழமும் கற்கண்டுமாக, பக்தர்களுக்கு என்னவெல்லாம் வேண்டுமோ அதெல்லாம் எறும்புக்கும் வண்டுக்கும் வேண்டும். எங்கள் பக்கம் நின்று சண்டை போட்டது வேப்பிலை ஒன்றுதான். அரிசிக்குள் வேப்பிலை, துணிப்பெட்டிக்குள் வேப்பிலை, விளக்கு வைக்கிற நேரத்துப் புகைச்சட்டிக்குள்ளும் அதுவே. அந்த வீட்டில் ஒரு சாண் மண் கிடையாது. கல் பாவிய தெரு, கல் பாவிய முற்றம், ஒரு கறிவேப்பிலைக் கன்றுக்குக்கூட இடமில்லை. ஆனால் பூச்சியை எனக்குத் தெரியும். எந்த இடுக்கில் முட்டை வைக்கும், எந்த வாசனைக்கு முகத்தைச் சுளிக்கும், புழுவாக இருந்தது எப்போது சிறகு கட்டும் என்பதெல்லாம் தெரியும். இருபது வயதில் என் படிப்பு அவ்வளவுதான். அதில் நான் கெட்டிக்காரி.

கொடைக்கானல் டவுனிலிருந்து சரிவில் இறங்கி நடந்தால் வில்பட்டி. வந்த முதல் வாரமே வேப்பமரம் தேடினேன். பேரி இருந்தது, பிளம்ஸ் இருந்தது, மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு தைலமரங்கள் வரிசையாக நின்றன. வேம்பைக் காணோம். மாமியாரிடம் கேட்டேன். அவர் மம்மட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "வேப்பமரமா? இந்தக் குளிருக்கு அது வராதுத்தா. நீ வந்ததே பெருசு."

வீட்டுக்குப் பின்னால் படிப்படியாக இறங்கும் தோட்டம். பீன்ஸ், முட்டைக்கோஸ், பூண்டு, ஓரத்தில் சௌசௌப் பந்தல், பெரிய பாத்திகள் எல்லாம் உருளைக்கிழங்குக்கு. மாமா போன பிறகு அத்தை தனியாளாக வைத்துக் காப்பாற்றிய இடம் அது. வெள்ளனே எழுந்து, பனி உலர்வதற்குள் கோஸ் இலைமேல் சாம்பல் தூவுவார். பனி ஈரத்தில் சாம்பல் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஓடில்லாத நத்தைகளைக் குச்சியால் தட்டி உப்புத் தண்ணீரில் போடுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு உண்டு. நான் அடுப்படி வாசலில் நின்று பார்ப்பேன். உள்ளங்கால் அரிக்கும். இரண்டாம் நாளே அவர் சொல்லிவிட்டார், அடுப்படி உனக்கு, தோட்டத்துக்குள் மட்டும் நான் கூப்பிடாமல் கால் வைக்காதே என்று. வாழ்க்கையில் முதன்முறையாக மண் பக்கத்தில் இருக்கிறது, தொட முடியவில்லை.

என் வீட்டுக்காரர் டவுனில் ஒரு ஹோட்டலில் சமையல். இருட்டோடு கிளம்பி, மேட்டில் மூச்சு வாங்க ஏறி, துரைமார் எழுந்திருப்பதற்குள் ரொட்டி சுட வேண்டும். திரும்பும்போது பனி முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கும், டார்ச் வெளிச்சம் இரண்டடி தாண்டாது. அவருக்கு இந்த நடை அலுத்துவிட்டது. அத்தைக்கும் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: போன வருஷம் விதைக்கிழங்கில் பாதி புழுத்துப் போச்சு, இந்த வருஷமும் போனால் தோட்டத்தைக் கோஸ் காண்ட்ராக்டரிடம் குத்தகைக்கு விட்டுவிடலாம், ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு ரூம் இருக்கிறது, மூன்று பேரும் அங்கே போய்விடலாம், ஆத்தா வெயில் காயலாம்.

அத்தை நிமிர்ந்து பரணைப் பார்த்தார்.

அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண். தையில் தோண்டிய கிழங்கில் பொறுக்கி எடுத்த விதை அங்கேதான் இருந்தது. சித்திரை மழைக்கு அது மண்ணுக்குள் போக வேண்டும். வெளியில் விதை வாங்கியதே இல்லை என்பது அத்தையின் பெருமை. வாங்குகிற விதையோடு அடுத்தவன் தோட்டத்துச் சீக்கும் சேர்ந்து வரும் என்பார். ஆக, பரண்மேல் கிடந்தது ஒரு வருஷத்துத் தோட்டம். அது நிலைத்தால் நாங்கள் இங்கே. அது புழுத்தால் ஹோட்டலுக்குப் பின்னால், ஜன்னலைத் திறந்தால் கரிமூட்டை தெரிகிற ரூமில்.

எனக்கு டவுன் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

மாசியில் என் வேப்பிலை தீர்ந்தது. வண்டுக்கு அந்தச் செய்தி எப்படிப் போனதோ, மறுவாரம் அரிசி டின்னில் கறுப்புப் புள்ளிகள் நடக்கத் தொடங்கின. ஊருக்குச் சொல்லி அனுப்பி இலை வருகிற வரை அவை காத்திருக்குமா? வாசலில் இறங்கினால் தைலமரம். கசக்கினால் கண்ணில் நீர் வருகிறது, இதைவிடக் காரமான இலை உலகத்தில் உண்டா? கொத்தாக ஒடித்துக் காயவைத்து அரிசிக்குள் புதைத்தேன். வண்டுகள் டின்னை விட்டு வரிசையாக வெளியேறிச் சுவரில் ஏறிப் போனதைப் பார்க்க வேண்டுமே, சீசன் முடிந்து பஸ் ஏறும் கூட்டம் மாதிரி. நான் இடுப்பில் கை வைத்து நின்று வழியனுப்பினேன்.

அந்த ஞாயிறு பார்த்து அவர் ஹோட்டலிலிருந்து இரண்டு பேரைச் சாப்பிடக் கூட்டிவந்தார், புதுப் பொண்டாட்டி கைச் சமையல் என்று. சோறு வடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வீடு முழுக்க நெஞ்சுச்சளிக்குத் தைலம் தேய்த்த மாதிரி ஒரு வாடை. குழம்பை ஊற்றினாலும் போகவில்லை, ரசத்தை ஊற்றினால் இன்னும் எழும்பியது. வந்தவர்களில் ஒருவர் பாதிச் சோற்றில் மூக்கை உறிஞ்சிவிட்டு, ஒரு மாசமா அடைச்சுக் கெடந்தது அண்ணி, இப்பத்தான் தொறந்துச்சு என்றார். மற்றவர் இலையை மடிக்கிற வரை சிரித்தார். என் வீட்டுக்காரர் தலை நிமிரவில்லை. அத்தை கை கழுவும்போது, தலவலிக்குத் தனியா ஒண்ணும் வாங்க வேண்டியதில்ல, சோத்தப் பெசஞ்சு நெத்தியில அப்பிக்கிடலாம் என்றார்.

எனக்கு வெட்கமாக இல்லை. இடம்தான் தப்பு, இலை சரி. வண்டு போனது போனதுதானே.

பங்குனி பிறந்ததும் மலையில் ஒரு வெயில் வரும். பகலில் கல் சுடும், அடுப்புச் சூடும் சேர்ந்துகொள்ள வீட்டின் மேல்பாதி கதகதவென்று இருக்கும். விளக்கு ஏற்றியவுடன் சின்னச் சாம்பல் நிறப் பூச்சிகள் சிம்னியைச் சுற்ற ஆரம்பித்தன. அரிசி உமியளவுதான் இருக்கும், சிறகை ஒடுக்கிக்கொண்டு சுவரில் ஒட்டினால் தூசு என்று நினைப்போம். அத்தை அதைப் பூச்சியாகவே மதிக்கவில்லை. நான் மதித்தேன். எங்கள் கடையில் பேரீச்சம்பழக் கூடைமேல் இப்படித்தான் பறக்கும், பத்து நாளில் பழத்துக்குள் புழு நெளியும். இவை எங்கிருந்து வருகின்றன என்று கழுத்தை வளைத்துப் பார்த்தேன். பரணிலிருந்து.

மறுநாள் அத்தை கீழ்ப்பாத்தியில் இருந்தபோது மேலே ஏறினேன். விதையை நான் தொடக்கூடாது, அது தோட்டத்துச் சேர்த்தி. ஆனால் வீட்டுக்குள் இருக்கிறது. வீட்டுக்குள் வருகிற பூச்சி என் பொறுப்பு இல்லையா? இப்படி எனக்கு நானே வாதாடிக்கொண்டே ஏறினேன். கிழங்கெல்லாம் இருட்டில் நீள நீளமாய் வெளுத்த முளை விட்டிருந்தது. ஓரத்தில் கிடந்தவற்றின் கண்களில் கறுப்பாக மை பூசினாற்போல் அழுக்கு. நகத்தால் கீறினேன். உள்ளே சுரங்கம், சுரங்கத்தின் முடிவில் அவர், புழுவார்.

ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே தோட்டத்துக்குள் போனேன், கூப்பிடாமலே.

"அத்தை, புழு மண்ணுல இருந்து வரலைங்க. பரண்ல பூச்சி முட்டை வைக்குது."

"யாரு ஒன்ன மேல ஏறச் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. ஏறிட்டேன்."

அவர் கிழங்கை வாங்கி இரண்டாக உடைத்தார். பார்த்தார். வரப்பில் உட்கார்ந்துவிட்டார். போன வருஷம் புழுவுக்குப் பயந்து பாத்திமண் முழுக்கப் புரட்டிச் சாம்பல் போட்டாராம், கை கொப்புளித்துப் போனதாம். புழுவோ தலைக்கு மேலே அடுப்புச் சூட்டில் குளிர்காய்ந்துகொண்டு இருந்திருக்கிறது.

"அவன்கிட்டச் சொல்லாத," என்றார்.

"சொல்லலைங்க. ஆனா வெரசா எல்லாத்தையும் எறக்கணும். அடுப்புச் சூடு ஆகாது. பின்சாய்ப்புல குளிர்ல பரப்பி, தைலமர எலை போட்டு மூடிரலாம்."

"சோத்த நாறடிச்சது பத்தாதாக்கும்?"

"வண்டு போச்சுல்லங்க."

"மொளப்பும் சேந்து போச்சுன்னா?"

"அந்தச் சோத்தத் தின்னுட்டு நம்ம யாருக்கும் ஒண்ணும் ஆகலையே அத்தை."

"நம்ம என்ன மொளைக்கவா போறோம்?"

கேட்டுக்கொண்டே அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். அது போதும்.

அன்று பகல் முழுக்கக் கிழங்கை இறக்கினோம். நான் மேலிருந்து கூடையைக் கொடுக்க, அவர் கீழே வாங்கி ஒவ்வொன்றாய் விரலால் தடவிப் பார்த்து, வெளுத்த முளையைக் கிள்ளிப் போட்டுப் பிரித்தார். புழுத்தது கால்வாசிக்கு மேல். அதைக் குழியில் போட்டு எரித்தோம், சுட்ட கிழங்கு வாசனை ஊரைத் தூக்கியது. நல்லதை வீட்டுப் பின்சுவரை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் பலகைமேல் ஒற்றை வரிசையாகப் பரப்பி, இடையிலும் மேலுமாக இலையைத் தூவினோம். அங்கே வெளிச்சமும் வரும், காற்றும் குத்தும். ஒரு மடி கிழங்கை மட்டும் அத்தை தனியாக எடுத்துச் சாம்பலில் புரட்டித் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். என்னை நம்பவில்லை, அவ்வளவுதான். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

வேலை முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றார். யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டார். எனக்குச் சளி என்று அத்தை அழகாக ஒரு இருமல் இருமினார்.

சில நாள் கழித்து, கட்டிலடிச் சாம்பல் கிழங்கில் அத்தை ஒரு பூச்சியைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். மறுநாள் கட்டிலடி காலி. பலகையில் வரிசை ஒன்று கூடியிருந்தது.

பங்குனிக் கடைசியில் காண்ட்ராக்டர் இடம் பார்க்க வந்தார். என் வீட்டுக்காரர்தான் கூட்டிவந்தார். வந்தவர் மண்ணை அள்ளிப் பிசைந்தார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார், சௌசௌப் பந்தலைப் பிரித்துவிட்டால் இன்னும் இரண்டு பாத்தி கிடைக்கும் என்றார். எல்லாம் பேசி முடிந்த மாதிரிதான் பேசினார். அத்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தார், சொந்தத் தோட்டத்தில் விருந்தாளி போல. கடைசியில் அவர் திரும்பி, புழுத்த விதை ஏதும் கெடந்தா குடுங்காத்தா, மாட்டுக்காச்சும் ஆகும் என்றார்.

அத்தை அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, எலையத் தள்ளு."

தோட்டத்து வேலை என்று அவர் எனக்குச் சொன்ன முதல் வேலை அது. சாய்ப்புக்குள் போய் இரண்டு கையாலும் இலையை ஒதுக்கினேன். பரணில் கண்ட வெளுத்த வால்கள் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு கண்ணிலும் கட்டையாக, ஊதாவும் பச்சையுமாக, பால்பல் போல முளை. காண்ட்ராக்டர் ஒன்றை எடுத்து நகத்தால் நெம்பிப் பார்த்தார். அது அசையவில்லை. எங்கே வாங்கியது என்று கேட்டார். வாங்கல என்றார் அத்தை. எனக்குப் பாதி கொடுங்கள் என்றார் அவர். அதற்கும் அத்தை அதே குரலில், இல்ல.

என் வீட்டுக்காரர் ஒரு கிழங்கை மூக்கருகே கொண்டுபோனார். எல்லாம் புரிந்துவிட்டது. அத்தையின் சளி, வீட்டு வாடை, நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டது. சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. முளை விட்டால் போதுமா, மண்ணுக்குள் போய்ப் பிழைக்க வேண்டாமா, தளிர் வெளியே வரட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று காண்ட்ராக்டரை அனுப்பினார். நியாயம்தான்.

சித்திரையில் ஒரு மத்தியானம் இடி இடித்து, மலை இருண்டு, மழை கொட்டியது. மறுநாள் அவர் லீவு போட்டுவிட்டுப் பாத்தியில் மம்மட்டியால் கீறிச் சால் பிடித்தார். அத்தை எனக்கென்று ஒரு சாலைக் காட்டினார். கண் மேலே பார்க்க வைக்கணும், விரல் ஆழம் போதும், வச்சுட்டுத் திரும்பத் தோண்டிப் பார்க்கப்பிடாது என்றார். குனிந்தேன். ஈரமண் விரலிடுக்கில் ஏறியது, நகத்துக்குள் புகுந்தது, மணிக்கட்டு வரை கறுத்தது. சால் முழுக்கத் தைலவாடை. மலையே நெஞ்சில் தேய்த்துக்கொண்டு படுத்த மாதிரி இருந்தது. நான் என் சாலை முடித்துவிட்டுக் கேட்காமலே அடுத்ததற்குப் போனேன். அத்தை தடுக்கவில்லை.

பிறகு காத்திருப்பு. அத்தை தினமும் சாம்பல் கையோடு பாத்தியோரம் நின்றார், தூவ அங்கே ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் சந்தேகமே இல்லை. எப்படி இல்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது, பால்பல் முளைத்த வாயைப் பார்த்தவளுக்கு அது கடிக்குமா என்று சந்தேகம் வருமா?

இருட்டோடு எழுந்திருக்கத் தவறிய ஒரு விடியலில் அவர் டிபன் தூக்கோடு வாசல் இறங்கும்போது அத்தை பின்னாலிருந்து கூப்பிட்டார். மண் வெடித்திருந்தது. கரும்பச்சையாய், சுருங்கிய காது மாதிரி இலைகள், என் சாலிலும் அத்தை சாலிலும் வித்தியாசம் இல்லாமல், கீழ்ப்படி வரைக்கும். என் வீட்டுக்காரர் தூக்கைக் கீழே வைத்துவிட்டு ஒரு பாத்தி தூரம் நடந்து பார்த்தார். திரும்பி வந்து தூக்கை எடுத்துக்கொண்டார். மேட்டில் அவர் பாதி ஏறின பிறகுதான் அத்தை சத்தம் போட்டுச் சொன்னார்:

"ஏலே, அந்தக் காண்ட்ராக்டர்கிட்டச் சொல்லிரு. தோட்டத்துல எங்களுக்குச் சோலி கெடக்குன்னு."