காற்றுப்பைகளைக் கட்டியது யார்?

கனகராஜ் சார் இறந்த செய்தியை முகைதீன்தான் தொலைபேசியில் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டில் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "மேடம், நம்ம சார் போயிட்டாக. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவுக எந்திரிக்கவே இல்ல." பஸ் பிடித்து இராஜபாளையம் போனேன். அடுத்த வாரம், பழைய படகுக் குழு நண்பர்கள் நினைவு மலர் ஒன்று கொண்டுவருவதாகவும், நான் நல்லதாக ஏதாவது எழுத வேண்டும் என்றும் கேட்டார்கள். நல்லதையும் எழுதுகிறேன்.

அவர் ராணுவத்தில் இருந்தபோது வடக்கே மலையாறுகளில் படகு ஓட்டியவர். எண்பதுகளின் நடுவில் எங்கள் கல்லூரிக்குத் தற்காலிக உடற்பயிற்சி ஆசிரியராக வந்தார். எங்கிருந்தோ ஒரு பழைய ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஊரில் ஐந்தாறு பேரைச் சேர்த்தார். நூல் கடை வைத்திருந்த முகைதீன் அதில் ஒருவர். இயற்பியல் விரிவுரையாளரான நான்தான் ஒரே பெண். "இதுக்குப் பொம்பளையாளு எதுக்கு?" என்று ஒருவர் இழுத்தபோது, "அவுகளுக்கு நீச்சல் தெரியும். ஒமக்குத் தெரியுமாவே?" என்று சார் கேட்டார். பேச்சு அதோடு முடிந்தது. கண்மாயில் பழகினோம். மழைக்காலத்தில் அய்யனார் கோவிலுக்குக் கீழே, பாறைகளுக்கிடையே ஆறு நுரைத்து ஓடும் சிறிது தூரத்தில் படகு விட்டோம்.

படகின் முன்பக்கமும் பின்பக்கமும் காற்றடைத்த பெரிய பைகள் இருக்கும். படகு கவிழ்ந்தாலும் தண்ணீர் நிறைய இடம் கொடுக்காமல் அதை மிதக்க வைப்பவை அவை. லாரி டியூபை வெட்டி ஒட்டி, பஞ்சர் கடையில் செய்து வாங்கினோம். அவற்றை உள்ளே அசையாமல் கட்டுவதுதான் வேலை. படகின் விளிம்பில் துளையிட்டு, நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பின்ன வேண்டும். "பையில காத்து இருந்தா மட்டும் போதாது மேடம். படகோட ஒட்டிக் கெடக்கணும்" என்பார் சார். வெயிலில் உப்பிய பை குளிர்ந்த தண்ணீரில் சுருங்கும், கயிறு தளரும். அதனால் தண்ணீரில் இறக்கிய பிறகு மறுபடி காற்றடிக்கச் சொல்வார். அந்த வேலையை என்னிடமே விட்டுவிட்டார். "மேடம் கட்டினா நான் இழுத்துப் பாக்க மாட்டேன்" என்று எல்லார் முன்பும் ஒருநாள் சொன்னார். பல்கலைக்கழகத்தில் வாங்கிய எந்தப் பாராட்டும் எனக்கு அவ்வளவு பெரிதாகத் தோன்றியதில்லை.

இரண்டாவது படகு வாங்க உதவுவதாகச் சொன்ன பேண்டேஜ் கம்பெனி முதலாளி ஒருவர், எங்கள் ஓட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. முந்தின நாள் மாலையே பைகளை நான் நைலான் கயிற்றால் கட்டி முடித்தேன். மறுநாள் நான் வந்து சேர்ந்தபோது படகு ஆற்றின் மேல்பக்கத்தில் கிளம்பத் தயாராக இருந்தது. கூட்டத்தோடு கீழே கரையில் நின்றேன். முன்னால் முகைதீன், பின்னால் சார். இரண்டாம் பாறையில் படகு கவிழ்ந்தது. பைகள் இரண்டும் பிதுங்கி வெளியே வந்து தனியாக மிதந்து போயின. தண்ணீர் நிறைந்த படகு முகைதீனின் காலைப் பாறையோடு வைத்து நசுக்கியது.

அவரை மீட்ட பிறகுதான் பார்த்தேன். படகில் தொங்கிக்கொண்டிருந்தது என் கயிறு அல்ல. சுளுக்குக்குச் சுற்றும், இழுத்தால் நீளும் புது வெள்ளைக் கிரேப் பேண்டேஜ். நனைந்து தொளதொளத்திருந்தது. சார் அதை உருவி, முகைதீனின் காலைக் குச்சி வைத்துக் கட்டினார். "பட்டாளத்துக்காரன் புத்தியப் பாத்தியா!" என்று கூட்டத்தில் வியந்தார்கள். துண்டு எடுக்கச் சாரின் தோள்பையைத் திறந்தேன். என் நைலான் கயிறு அதில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

கல்லூரி முதல்வர் எங்களை அழைத்து, "காத்துப்பையைக் கட்டினது யாரு?" என்றார். "முந்தின நாள் நான் கட்டினேன், நைலான் கயிற்றில்" என்றேன். மீதியைச் சார் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம் சார். விட்டுருவோம்" என்றார்.

வராந்தாவில் மறித்துக் கேட்டேன். "முதலாளி சரக்குல கட்டினா அவரு சந்தோசப்படுவாருன்னு நான்தான் மாத்தினேன் மேடம். இழுத்தா நல்லாத்தான் பிடிச்சுது. எனக்கு இன்னும் வேலை பெர்மனென்ட் ஆகல, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பொறவு நானே சொல்லிருதேன்."

அவருக்கு வேலை நிரந்தரமானது. 'பொறவு' வரவில்லை. பேண்டேஜால் கட்டியது நான்தான் என்று எல்லாரும் முடிவு செய்துகொண்டார்கள். மாணவிகள் முதுகுக்குப் பின்னால் என்னைப் 'பேண்டேஜ் மேடம்' என்றார்கள். படகில் இனி பெண்கள் வேண்டாம் என்று குழு முடிவெடுத்தது. அந்தக் கூட்டத்திலும் அவர் இருந்தார். அதன்பின் பல வருடம் ஒரே கல்லூரியில் வணக்கம் சொல்லிக்கொண்டோம். நான் அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. அவராகச் சொன்னால்தான் அதற்கு மதிப்பு என்று நினைத்தேன்.

இழவு வீட்டில் முகைதீன் கம்பை ஊன்றி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கடைசி வரைக்கும் அவுக உங்க பேரை எடுக்கலியே மேடம். எம்புட்டுப் பெரிய மனசு!"

அப்போதுதான் முதன்முறையாகச் சொன்னேன். கயிறு இருந்த இடத்தை, வராந்தாவில் பேசியதை, எல்லாவற்றையும். அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இத இப்பச் சொல்லி என்ன மேடம்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். நம்பினாரா என்று தெரியவில்லை. ஆகவே இங்கேயும் எழுதுகிறேன், சாரை மதித்தவர்கள் எல்லாரும் படிக்கும் இடத்தில்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த மூன்று மழைக்காலங்கள். வாய்விட்டுச் சிரிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அந்தப் படகில் மட்டும் சிரித்திருக்கிறேன். எப்போது நினைத்தாலும் பின்னால் துடுப்போடு அவர்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரை இறக்கிவிட்டு ஆற்றை மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.