பாதியைப் பெருக்கியவன்

அல்வாலில் வளர்ந்த அச்யுத் யாரிடமும் எதையும் கேட்கக் கூசுவான். பல்கலைக்கழகத்தில் அவன் ஆய்வு, எலக்ட்ரான்கள் குவாண்டம் புள்ளி எனும் ஒரு நுண்படிகத்தைக் கடப்பது பற்றியது. அந்தப் புள்ளியோடு மின்தடையே இல்லாத ஒரு மீக்கடத்தி நானோ கம்பியை இணைத்தால் என்ன ஆகும் என்று கணக்கிட வேண்டும். அந்தக் கம்பிதான் சக மாணவி ப்ரியம்வதாவின் உயிர். அதன் முனையில் மயோரானா என்ற விசித்திரத் துகள் இருப்பதாக நம்பினாள்.

கணினி தந்த மின்கடத்தல் விடை, ஓர் அலகில் பாதி. சூத்திரத்தில் எங்கோ ஓர் இரண்டை விட்டுவிட்டோம், தெரிந்தால் சிரிப்பார்கள் என்று பயந்தான் அச்யுத். இரண்டால் பெருக்கி, ஆய்வுக் குழுக் கூட்டத்தில் முழு ஒன்றாகக் காட்டினான்.

"கம்பி இல்லாமலே புள்ளி ஒன்றுதானே தரும்? அப்ப கம்பியில எதுவும் இல்லை," என்றார் பேராசிரியை. ப்ரியம்வதா கண்ணீரை விழுங்கிக்கொண்டு மாதாப்பூரில் மென்பொருள் வேலைக்கு விண்ணப்பித்தாள்.

சில நாள் கழித்து, மனம் உறுத்த, அதே நிரலில் கம்பியை நீக்கிக் கணக்கிட்டான். பெருக்காமலேயே ஒன்று வந்தது. இரண்டு எங்கும் விடுபடவில்லை. ஒன்றைப் பாதியாக்கியதே அவள் தேடிய துகள்தான்.

தலைகுனிந்து அவளிடம் சொன்னான்.

"பாதின்னு சொல்லியிருந்தா அன்னைக்கே குதிச்சிருப்பேனே. எதுக்கு மறைச்சே?"

"வெட்கமா இருந்தது."

"இப்ப?"

"அதைவிட."

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் நீயே சொல்லு. நான் சொன்னா, அழுது சாதிக்கறேன்னு நினைப்பாங்க."

மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்றான். காதுகள் எரிந்தன. "கணினி தந்தது பாதிதான். இரண்டால் பெருக்கியது நான்," என்றான்.