வலது பக்கம் திரும்பாத மொபெட்

எங்கள் அப்பாவுக்கு முன்னேற்றத்தின்மேல் அபார நம்பிக்கை. தொண்ணூறுகளில் காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கிய தன்னம்பிக்கைப் புத்தகங்களை ஒன்றுவிடாமல் வாங்கிவிடுவார். அதிகாலை ஓட்டம், தபால் வழி இந்தி, பச்சைக் காய்கறி என்று அவர் தொடங்கியவை ஏராளம். ஆரம்பசூரத்தனம் என்ற சொல்லுக்கு எனக்குப் பள்ளியில் யாரும் பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அம்மாவிடம் அப்படி எந்தக் கொள்கையும் கிடையாது. டீச்சர் வேலை, அடுப்படி, ஞாயிற்றுக்கிழமை பூசை, அவ்வளவுதான். அவளை ஒரு கோடை விடுமுறையில் சாக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பஸ்ஸை நம்பிப் போனால் முதல் வகுப்பே முடிந்துவிடும். ஜூன் மாதத்துக்குள் மொபெட் ஓட்டப் பழக வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். விட்டுவிடுவாள் என்றே உறவுக்காரர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். அம்மா பழைய மொபெட் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினாள்.

அப்பா உற்சாகமூட்டுவதற்காக, 'உன்னால் முடியும்' என்று பெரிதாக எழுதிய அட்டையொன்றை பீரோக் கண்ணாடியில் ஒட்டினார். அம்மா குளிக்கப் போகும்போது நெற்றியிலிருந்து எடுக்கும் ஸ்டிக்கர் பொட்டுகளை அந்த அட்டையில்தான் ஒட்டி வைப்பாள்.

மாதா கோயில் திடலில் பழகினாள். விழுந்தாள், முழங்கையில் மருந்து போட்டுக்கொண்டு திரும்பவும் ஏறினாள். நேராக ஓட்ட வந்தது, இடது பக்கம் திரும்ப வந்தது. வலது பக்கம்தான் வரவில்லை. எதிரே வண்டி எதையாவது பார்த்தால் போதும், காலை ஊன்றி நின்றுவிடுவாள். ஒருநாள் நாற்சந்தியில் பஸ் ஒன்று ஹாரன் அடித்த அடியில் இறங்கி, வீடுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தாள். அன்று அடுப்படியில் அழுதாள். அழுதுகொண்டே மறுநாள் இட்லிக்கு மாவு கரைத்து வைத்தாள். விடிந்ததும் வண்டியை வெளியே எடுத்தாள்.

எங்கள் ஊர் வீதிகள் கோடு போட்ட மாதிரி நேரானவை. செட்டியார் வீடுகள் ஒரு வீதியில் வாசலும் அடுத்த வீதியில் கொல்லையுமாக நீண்டு கிடக்கும். எனவே வலதுக்கு ஒரே திருப்பத்தில் போகிற இடத்துக்கு, ஒரு வீட்டைச் சுற்றி இடது, இடது, இடது என்று போனாலும் போய்ச் சேரலாம். அம்மா இதைக் கண்டுபிடித்துவிட்டாள். பின்னால் பாரம் இருந்தால் வண்டி ஆடாது என்று என்னையும் ஏற்றிக்கொள்வாள். மார்க்கெட்டுக்கு இப்படித்தான் ஊர்வலம் போனோம்.

முனை வீட்டு ஆச்சி ஒருநாள் வாசலில் நின்று சத்தமாகவே கேட்டார்.

"டீச்சரம்மா, எங்க வீடு என்ன பிள்ளையாரு கோயிலா, இந்தச் சுத்துச் சுத்துறீக?"

"வேண்டுதல் ஆச்சி!" என்று கத்திவிட்டு நிற்காமல் போனாள் அம்மா.

எனக்குத்தான் கவலை. சாக்கோட்டைச் சாலையில் ஏற வலது பக்கம் திரும்பியே ஆக வேண்டும். அங்கே சுற்றிவர வீடு கிடையாது, இரண்டு பக்கமும் பொட்டல். பள்ளி திறக்க இருந்த வாரம், ஓட்டிக் காட்டச் சொல்லி அப்பா சைக்கிளில் முன்னால் போய் அந்த முக்கில் நின்றுகொண்டார். நான் அம்மாவின் இடுப்பை இறுக்கிப் பிடித்தபடி அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். அம்மா வலது கையை நீட்டினாள். எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டாள். தண்ணீர் குடிக்கிற மாதிரி வலது பக்கம் திரும்பினாள்.

அப்பா சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார். அட்டைதான் வேலை செய்தது என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தோணியார்தான் என்று எனக்கும் சந்தேகமில்லை. அம்மா இரண்டு பேருக்கும் சரி என்றாள்.

மறுநாள் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது மறுபடியும் இடது, இடது, இடது.

"அம்மா, ஒனக்குத்தான் வலதும் வருதுல்ல?"

"வரும்டி. அது வந்து பத்து நாளைக்கு மேல ஆச்சு."

"பெறகு ஏம்மா இங்குட்டுச் சுத்துற?"

அவள் சன்னமாக ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி நான் வீட்டில் கேட்டதில்லை. வீட்டில் நாங்கள் யாராவது அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்போம். எங்கள் வாசல் வந்தது. காப்பிக்காக அப்பா வெளியே வந்து நின்றிருந்தார். அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வண்டியை நிறுத்தாமல் நேரே போனாள்.

"அம்மா, வீடு தாண்டிருச்சு!"

"தெரியுது, கத்தாத."

இவளுக்கு நிறுத்துவது மறந்துவிட்டது போலிருக்கிறது, பாவம், இனி அதையும் முதலிலிருந்து பழக வேண்டுமே என்று நினைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.