பேசாமல் நடத்திய பாடம்

குரல் கட்டியிருக்கிறது, நாலு நாளில் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதமாகியும் தேறவில்லை. விழுப்புரத்திலிருந்து தினமும் திண்டிவனத்துக்கு பஸ்ஸில் போய், பி.எட். படிப்பவர்களுக்குக் கல்வி வரலாறு நடத்துகிறவள் நான். பாண்டிச்சேரியில் டாக்டர் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். குரல் நாணில் இரண்டு முடிச்சு.

"டீச்சருங்களுக்கு வர்றதுதாம்மா. ஆறு வாரம் பேசக் கூடாது. கிசுகிசுன்னுகூட பேசாதீங்க, அது இன்னும் கெடுதல்."

திரும்பும் வழியில், கண்டமங்கலம் தாண்டும்போது அழுகை வந்தது. அழுதால் சத்தம் வந்துவிடுமோ என்று அதையும் அடக்கிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த என் கணவர், "விடு. உனக்கும் சேத்து நான் பேசுறேன்" என்றார். ஒரு நாளைக்கு நாலு வாக்கியம் பேசினாலே அதிகம் அவர்.

லீவு மிச்சம் இல்லை. வகுப்புக்குப் போயே ஆக வேண்டும். அடுத்து இருந்த பாடம், இடைக்கால ஐரோப்பாவின் கிறிஸ்தவத் துறவு மடங்களில் நடந்த கல்வி. வருடா வருடம் அதை நான் நடத்தும் விதம் ஒன்றுதான்: நிறைகள் ஐந்து, குறைகள் ஐந்து என்று சொல்லிக்கொண்டே போவேன், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். அன்று பஸ்ஸில் அதைப் புதிதாகப் படிப்பதுபோல் படித்தேன். சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாது. ஒருவர் மட்டும் எழுந்து நின்று நூலை வாசிப்பார். ரொட்டி வேண்டுமென்றால் கையால் சைகை. வாசிக்கும் வேலையும் எல்லாருக்கும் கிடைக்காது, கேட்பவருக்குப் பயன்படும்படி வாசிக்கிறவருக்குத்தான்.

வகுப்பில் கரும்பலகையில் என் நிலைமையை எழுதினேன். 'இன்று நீங்கள் வாசியுங்கள், நான் கேட்கிறேன்' என்றும் எழுதினேன். முதல் பெஞ்சுக்காரர்கள் இருவர் வாசித்தார்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல் வரிகளில் ஓடினார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண்ணின் உதடுகள் மட்டும் கூடவே அசைவதைப் பார்த்தேன். முகையூர்ப் பக்கம், கூலி வேலைக் குடும்பம், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஏழு மாதமாக வகுப்பில் வாய் திறந்ததில்லை. அவளை நோக்கிக் கை காட்டினேன்.

எழுந்தாள். ஒரு வாக்கியம் வாசித்தாள். நிறுத்தி எங்களைப் பார்த்தாள். யாரோ ஒருவருக்குப் பிடிபடவில்லை என்று தெரிந்ததும் அதே வாக்கியத்தை இன்னும் நிதானமாக வாசித்தாள். எழுதிக்கொண்டிருந்தவர்கள் பேனாவை வைத்துவிட்டார்கள். அத்தனை வருடம் நடத்திய பாடத்தை நானே அன்றுதான் காது கொடுத்துக் கேட்டேன்.

வகுப்பு முடிந்ததும், 'எங்கே பழகினாய்?' என்று நோட்டில் எழுதிக் காட்டினேன்.

"ஞாயித்துக்கெழம எங்க ஊரு கோயில்ல நான்தாங்க மேடம் பைபிள் வாசகம் படிப்பேன். முன்னாடியே எங்கம்மா ஒக்காந்திருப்பாங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. நடவுக்குப் போறவங்க பாதிப் பேருக்குத் தெரியாது. அவங்க மூஞ்சியப் பாத்துக்கினே படிப்பேன். புரியலன்னா கண்ணு வேற எங்கியாவது போயிடும். அப்ப நிறுத்திட்டு மறுபடியும் படிப்பேன்."

'இத்தனை நாள் ஏன் பேசவில்லை?'

"நீங்க கேக்கலியே மேடம்."

குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

அந்த ஆறு வாரமும் அவள்தான் வாசித்தாள். நான் கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டுக் காத்திருப்பேன். முன்பெல்லாம் யாரும் வாய் திறக்காவிட்டால் பதிலையும் நானே சொல்லிவிடுவேன். இப்போது முடியாதே. கடைசியில் எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். விரலைச் சுழற்றினால் இன்னொரு தரம், உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து என்று அவர்களே சைகைகள் வைத்துக்கொண்டார்கள். வீட்டில் என் கணவர் நாலு வாக்கியத்திலிருந்து நாற்பதுக்கு வந்திருந்தார். எனக்குத் தெரியாத அவருடைய பள்ளிக்கூடக் கதைகளெல்லாம் அப்போதுதான் வந்தன.

குரல் திரும்பியது, லேசான கரகரப்போடு. அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் முகையூர்ப் பக்கம் அவள் ஊருக்குப் போனேன். கோயிலில் பூசை தொடங்கியிருந்தது. முன்னால் ஒரு வயதான அம்மா நகர்ந்து, பாயில் எனக்கு இடம் கொடுத்தார். அவள் வந்து நின்று வாசிக்க ஆரம்பித்தாள். அந்த அம்மா என் பக்கம் சாய்ந்து, "எம் பொண்ணுங்க" என்றார்.

"தெரியும்மா" என்றேன். "எங்களுக்கும் படிச்சாங்க."