மேற்குச் சுவருக்கு ஒரு தளர்ந்த சட்டை

அந்தத் தையல்காரியிடம் கொடுத்த துணி சொன்ன நாளில் வராது. ஆனால் வந்தால், உடம்போடு பிறந்தது போல இருக்கும். ஓர் இடத்தில் தொளதொளவென்று நின்றாலும் அவளுக்குச் சோறு இறங்காது. பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவளுடைய அண்ணனைக் கவனிக்க நான் வேலைக்குச் சேர்ந்த கோடையில், அவள் தன் வீட்டுக்கே சட்டை போடக் கிளம்பினாள்.

பழைய மரவீடு. அண்ணன் படுத்திருந்தது மேற்குப் பக்க அறை. மதியம் தாண்டினால் சுவர் கொதிக்கும். எவ்வளவு துடைத்தாலும் அவர் முதுகு வேர்த்துப் புண்ணாகத் தொடங்கியது. மற்ற அறைகளுக்குள் கட்டில் நுழையாது. "இந்த அறை ஆகாது" என்று மருத்துவர் சொன்னதும், வெளியூரிலிருந்த அவள் தம்பி ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் பிடித்துவிட்டான். மாதக் கடைசியில் வண்டியோடு வருவதாகச் சொன்னான். பேச்சு போயிருந்த அண்ணன், வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அவன் வர்றதுக்குள்ள இந்த அறையைக் குளிர வைக்கிறேன் பாருங்கம்மா" என்றாள் என்னிடம்.

மேற்குச் சுவரின் வெளிப்பக்கத்தில் பழைய பலகைகளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போர்த்துவது என்று திட்டம். மறுபடி மரம் அடித்தால் கரையான். தகரம் அடித்தால் சூடேறும். பிளாஸ்டிக் இந்த வெயிலுக்கு வளைந்து தொங்கும். கடைசியில் சிமெண்டும் நாரும் கலந்து செய்த ஃபைபர் சிமெண்ட் போர்டு என்று முடிவானது. கனமான பலகை என்பதால், சுவருக்குள் உளுத்துப்போன மரக்கால்களைத் தச்சர் முதலில் மாற்றிக் கொடுத்தார்.

அடுத்தது நிறம். அவளுக்குக் கருஞ்சிவப்புதான் வேண்டும். எனக்கு வெளிர் நிறம். வாதாடிப் பயனில்லை. இரண்டு நிறத்திலும் ஒவ்வொரு பலகைத் துண்டை வெயிலில் வைத்து, உச்சிவேளையில் உள்ளே கொண்டுவந்தேன். மரத்துப்போன கையைச் சூட்டில் வைக்கக் கூடாது. அதனால் அண்ணனின் நல்ல கையைப் பிடித்து, முதலில் வெளிர் பலகையில் வைத்தேன். கையை எடுக்கவில்லை. சிவப்பில் விரல் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சனியனே!"

பல மாதங்களுக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை.

"அண்ணே! பேசிட்டியே!" என்று அவள் அழுதாள்.

"திட்டினது என்னைத்தான். நீங்க ஏன் அழறீங்க? கடைக்குப் போய் வெளிர் நிறம்னு சொல்லிட்டு வாங்க" என்றேன்.

பலகை அடிப்பவர் வந்தார். அதை அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகாது என்பதால், தெருக்கோடியில் முகமூடி போட்டுக்கொண்டு அறுக்கச் சொல்லி, ஜன்னலைச் சாத்தினேன். சுவரில் ரீப்பர் என்கிற மெல்லிய மரக்கட்டைகளை அடித்து, காற்று போக இடைவெளி விட்டு, அதன்மேல் பலகை என்றார் அவர். தையல்காரி ஒப்பவில்லை.

"துருத்திக்கிட்டு நிக்கும். சுவரோட ஒட்டி அடிங்க."

"வீடு உங்களுது, அக்கா."

பாதிச் சுவர் முடிந்தது. மறுநாள் மதியம் உள்பக்கம் கை வைத்தாள். அதே கொதிப்பு. முகம் வாடிப்போனது. நான் அண்ணனுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். அவளே தைத்தது, முதுகு திறந்த, தொளதொள சட்டை. அவள் வாழ்நாளில் தளர்த்தித் தைத்தது அது ஒன்றுதான். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வெளியே ஓடினாள்.

"எல்லாத்தையும் கழட்டுங்க! ரீப்பர் அடிச்சு, கீழயும் மேலயும் காத்துக்கு வழி விடுங்க!"

"தையல் பிரிக்கற மாதிரி சொல்றீங்களே அக்கா. இது ஆணி!"

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். நான்கு பலகைகள் உடைந்தன. மீதியை இடைவெளி விட்டு அடித்து, அறுத்த ஓரங்களுக்கெல்லாம் பெயிண்ட் பூசினார். அதற்குப் பிறகும் அறை குளிர்ந்துவிடவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சுவரில் கை வைக்க முடிந்தது. அண்ணனின் முதுகு காய்ந்தது. புண் ஆறத் தொடங்கியது.

தம்பி உச்சி வெயிலில் வந்தான். டிரைவரை வாசலில் நிறுத்திவிட்டு, கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். "அக்கா, உணர்ச்சிவசப்படாம யோசி. அங்க ஏசி இருக்கு, நர்ஸ் இருக்காங்க, உனக்கும் வயசாகுது..."

பயணக் களைப்பு. மேற்குச் சுவரில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான். அண்ணன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் டிரைவர் அடித்த ஹாரன் சத்தம் கேட்டுத்தான் விழித்தான். வாயைத் துடைத்துக்கொண்டான். திரும்பி, தான் சாய்ந்திருந்த சுவரைத் தடவினான்.

"என்ன, கட்டிலைத் தூக்கலாமா?" என்றேன்.

"இருங்கம்மா" என்று எழுந்தான். வாசலில் அவன் டிரைவரிடம் பேசுவது கேட்டது: "நீங்க கிளம்புங்க. நான் பஸ்ல வந்துக்கறேன்."