வெள்ளைப் பூச்சின் அடிப்புறம்

பாறசாலைக்கு அருகில் எங்கள் வார்ப்புப் பட்டறை. பம்பு மூடிகளை அலுமினியத்தில் வார்க்கிறோம். நான் அங்கே சூப்பர்வைசர். இந்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, முதல் மூடியே வார்க்கும் இரும்பு அச்சான டையை விட்டுக் கழன்று வரவில்லை. தட்டித் தட்டிப் பிரித்தபோது டையின் உட்புறத்தில் இருந்த வெள்ளைப் பூச்சு அவல்போல உதிர்ந்தது.

அந்தப் பூச்சு போரான் நைட்ரைடு. தூளைத் தண்ணீரும் பிடிப்புக்கான பைண்டரும் சேர்த்துக் கரைத்து, ஸ்பிரே கன்னால் இரண்டு கோட்டு அடிப்போம். அதன் அமைப்பு ஏடு ஏடாக இருக்கும். ஏட்டுக்குள் பிடிப்பு பலமானது, ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே வழுக்கும். உருகிய அலுமினியம் அதில் ஒட்டாது. எங்கள் உலைச் சூடு அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆகவே தானாக உதிர அதற்குக் காரணமே இல்லை.

பூச்சு அடிப்பவள் ரத்தினபாய். ஸ்டூலில் உட்கார்ந்து செய்யும் வேலை அது. இதை விட்டால் நெய்யாற்றின்கரையில் ஏதாவது துணிக்கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டும். அவள் முழங்காலுக்கு அது ஆகாது.

முதலாளி ஜெயகுமார் வந்து பார்த்தார்.

"அண்ணா, இவ மருந்துல வெள்ளத்த கூட்டி ஊத்தியிருக்கா. பூச்சு அடிக்க பனச்சமூட்டுல ஒரு ஆளு உண்டு. நாளைக்கு வரச் சொல்லியாச்சு" என்றார்.

ரத்தினபாய் ஸ்பிரே கன்னைக் கழுவிக்கொண்டிருந்தாள். கலவையின் பதத்தை நான் சோதித்தேன், சரியாகவே இருந்தது. தண்ணீர் கூடினால் பூச்சு மெலிந்து திட்டுத் திட்டாக இருக்கும். இதுவோ ஒரே கனத்தில் ஏடு ஏடாகப் பெயர்ந்திருந்தது. ஒரு துண்டை எடுத்துத் திருப்பினேன். மேற்புறம் வெள்ளை, அடிப்புறம் பழுப்பு. டையில் மிஞ்சியிருந்த முதல் கோட்டும் பழுப்பாகவே இருந்தது. முகர்ந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையின் மணம் எங்கள் ஊரில் யாருக்கும் தப்பாது.

ரத்தினபாயைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மழ விடல்ல, கரண்டும் இல்ல. வேற எங்க கொண்டு உணக்க? ஷீட்டு உணங்குத எடத்தில இதும் உணங்கும்னு நெனச்சேன் அண்ணா" என்றாள்.

மின்சாரம் இல்லாதபோது எங்கள் ஜெனரேட்டர் பூச்சை உலர்த்தும் ஓவனின் சுமையைத் தாங்காது. ஈரப் பூச்சில் பர்னர் தீயை நேராகக் காட்டினால் கொப்பளித்துவிடும். அவள் வீடு பட்டறையின் பின்மதிலுக்கு அப்பால். முந்தின நாள் முதல் கோட்டு அடித்த டையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தன் வீட்டுப் புகைப்புரைக்குக் கொண்டுபோயிருக்கிறாள். புகையின் பிசுக்கு அதன்மேல் படிந்தது மழை இருட்டில் தெரியாமல் இரண்டாம் கோட்டை அடித்துவிட்டாள்; டையில் மிஞ்சிய சூட்டிலேயே அது காய்ந்துவிட்டது. டை சூடானதும் அந்தப் பிசுக்கு ஆவியாகி மேல் பூச்சைத் தூக்கிவிட்டது.

கேட்காமல் டையை வெளியே கொண்டுபோனது முதலாளிக்குத் தெரிந்தால், அதற்கே அவளை அனுப்பிவிடுவாரோ என்று எனக்குப் பயம். என் தயக்கத்தைக் கண்டு, "நானே சொல்லுகேன்" என்று முன்னால் நடந்தாள்.

ஜெயகுமார் முழுக்கக் கேட்டார். துண்டை வாங்கி முகர்ந்தார்.

"இத எனக்க அம்மைக்கிட்ட குடுத்தா கண்ண மூடிட்டு புகைப்புரைன்னு சொல்லிரும். எக்கா, ஷீட்டு போல டையையும் கம்புல தொங்க விட்டியா?"

"தொங்க விடல்ல சார். அடியில சாக்கு விரிச்சு வச்சேன்."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் பனச்சமூட்டு ஆளை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுபடி அடிக்கும் பூச்சு உதிராமல் நின்றால் பார்க்கலாம் என்றார்.

மறுநாள் காலை மின்சாரம் வந்தது. டையைச் சுரண்டி, மணல் வீசிச் சுத்தம் செய்து கொடுத்தேன். ரத்தினபாய் அதே கலவையில் இரண்டு கோட்டு அடித்தாள். ஒவ்வொன்றையும் ஓவனில் நிதானமாக உலர்த்தினோம். பனச்சமூட்டு ஆளும் வந்து ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உலோகத்தை ஊற்றி, ஆறவிட்டு, மரச் சுத்தியலால் ஒரு தட்டு. மூடி கையோடு வந்தது. டைக்குள் பூச்சு அப்படியே வெள்ளையாக இருந்தது.

ஜெயகுமார் வந்தவருக்குச் சாயா வாங்கிக் கொடுத்து, வண்டிக்கூலியும் கொடுத்து அனுப்பினார்.

"அப்ப நான் நாளைக்கு வரவா சார்?" என்று கேட்டாள் ரத்தினபாய்.

"பின்ன வராம? கரண்டு போனா எனக்கு போன் பண்ணணும், கேட்டியா."

டை வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் இப்போதெல்லாம் நான் ஒன்று சொல்கிறேன். பூச்சு உதிர்ந்தால் ஒரு துண்டையாவது எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஆளை மாற்றும் பேச்சு அதன் பிறகு இருக்கட்டும்.