அண்ணன் வாங்காத அப்பம்

ஏழாம் வகுப்புக்குத் தைத்த சீருடை என் மகள் ஸ்டெல்லாவுக்கு ஒன்பதாம் வகுப்பிலும் பொருந்தியது. முதல் அறிகுறி என்று நான் இன்று சொல்வது அதைத்தான். அன்று அது எங்களுக்குத் தெரியவில்லை. இன்னொரு வருடம் ஓடும் என்று என் மனைவி லூர்து சந்தோஷமாக மடித்து வைத்தாள்.

பள்ளிக்கூட வரிசையில் குள்ளமான பிள்ளைதான் முன்னால் நிற்க வேண்டும். மூன்று வருடமாக முன்னால் நின்றது என் மகள். சாப்பிட்டால் வயிறு உப்பும், அடிக்கடி வயிற்றுப்போக்கு, உதடெல்லாம் வெளுப்பு. கூடப் படித்த பிள்ளைகள் வயதுக்கு வந்து விட்டார்கள். இவள் அப்படியே இருந்தாள்.

உத்தமபாளையத்தில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். தேனியில் ரத்தச்சோகை என்று இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள். குடித்த வரை கொஞ்சம் தேறுவாள், நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுவாள். நான் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிறவன். என் சட்டையில் ஒட்டி வரும் மருந்துதான் பிள்ளையைக் கெடுக்கிறது என்று நினைத்து, கிணற்று மோட்டாரிலேயே குளித்து, சட்டையை அலசிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். என் வாயிலும் சின்ன வயதிலிருந்தே புண் வரும், போகும். அதையும் மருந்தின் கணக்கில்தான் சேர்த்தேன்.

கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு பெண் டாக்டர் நிதானமாக எல்லாம் கேட்டார். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது கோதுமை சேராமல் இருக்கிறதா, இதே மாதிரி வயிற்றுத் தொந்தரவு இருக்கிறதா என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். டாக்டரிடம் நான் உறுதியாகச் சொன்ன ஒரே பதில் அதுதான்.

ரத்தம் எடுத்தார்கள். பிறகு எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்து, பயாப்ஸிக்கு (துளி சதை எடுத்துச் சோதிப்பது) அனுப்பினார்கள். சீலியாக் என்று வந்தது. கோதுமையில் குளூட்டன் (மாவைப் பிசுபிசுப்பாக்கும் புரதம்) இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால், உடம்பு தன் குடலையே எதிரியாக நினைத்து அரிக்கிறது. சத்து உள்ளே இறங்குவதில்லை. அதனால்தான் பிள்ளை வளரவில்லை.

மருந்து கிடையாது, ஆயுசுக்கும் கோதுமை கூடாது என்றார் டாக்டர். சப்பாத்தி, பரோட்டா, ரொட்டி, பிஸ்கட், ரவை, சேமியா என்று எழுதிக் கொடுத்தார். வளர்த்தி திரும்புமா என்று லூர்து கேட்டாள். எலும்பு முற்றுவதற்குள் குடல் ஆறினால் வளர்வாள், ஆனால் இழந்தது முழுதும் வரும் என்று சொல்ல முடியாது என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் கவலை. பிள்ளை வளர்வாளா?

ஊர் திரும்பிய வாரம் மதினி பிள்ளையைப் பார்க்க வந்தார்கள். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. லூர்து ரசம் தாளித்துக் கொண்டிருந்தாள். பெருங்காய டப்பாவைத் திறந்ததும் மதினி கையைப் பிடித்தார்கள்.

"அதப் போடாத லூர்து. பெருங்காயத்துல மாவு கலப்பாக."

டாக்டர் எழுதிய தாளில் பெருங்காயம் இல்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று லூர்து கேட்டாள். மதினி டப்பாவை மூடி அலமாரியில் வைத்தார்கள். கிளம்பும்போது வாசலில் நின்று என்னைப் பார்க்காமல் சொன்னார்கள்.

"கோயில்ல குடுக்குற அப்பமும் கோதுமதான் தம்பி."

எங்கள் ஊர் அனுமந்தன்பட்டி. நாங்கள் தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதை நாங்கள் நன்மை வாங்குவது என்போம். அண்ணன் ஏழு வருடமாக நன்மை வாங்கவில்லை. எல்லோரும் எழுந்து வரிசைக்குப் போகும்போது அவர் மட்டும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். ஊரில் என்னென்னவோ பேசினார்கள். கேரளாவில் ஏதோ தொடுப்பு என்றுகூடச் சொன்னார்கள்.

நான் வேறு மாதிரி நினைத்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே கிணறு. தண்ணீர் முறையில் அந்தச் சமயம் ஒரு மனத்தாங்கல் இருந்தது. உடன்பிறந்தவன் மேல் கோபத்தை வைத்துக்கொண்டு நன்மை வாங்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என் மேல் உள்ள கோபம் ஆறாததால்தான் அவர் வாங்கவில்லை என்று நம்பினேன். கேட்கக் கூச்சம். அதனால் என் சனிக்கிழமை முறையை அவருக்கு விட்டுக் கொடுத்தேன். அண்ணன் வாங்கிக் கொண்டார். அப்படியும் நன்மைக்கு எழுந்திருக்கவில்லை. என் கொடி வாடினாலும் பரவாயில்லை, அவர் மனசு ஆறட்டும் என்று இருந்தேன்.

மறுநாள் தோட்டத்துக்குப் போனேன். அண்ணன் பந்தலுக்குக் கீழே கொடி கட்டிக் கொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவருக்கும் இதே நோய் என்று ஏழு வருடத்துக்கு முன்பே கேரளாவில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்களாம். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போவதாக எங்களிடம் சொல்லிவிட்டுப் போன நாட்கள் அவை. உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் சோதிக்கச் சொல்லி டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார்.

"ஜான்சிக்கு அப்பத்தான் மாப்பிள்ள பேசிக்கிட்டிருந்தாக. பரம்பரச் சீக்குன்னா எவன் கட்டுவான்?" என்றார். ஜான்சி அண்ணன் மகள்.

"அது கல்யாணம் முடிஞ்சு ஆறு வருசமாச்சேண்ணே."

"அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல? ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேப்ப."

"பாப்பா புதுநன்மை வாங்குன அன்னைக்குப் பக்கத்துலதான நின்னீக?"

அண்ணன் கையில் இருந்த நாரைப் பார்த்தார். "நின்னேன்" என்றார்.

புதுநன்மை என்றால் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஸ்டெல்லாவுக்கு ஒன்பது வயது. வெள்ளைக் கவுன், தலையில் பூ முடி. பெரியப்பா என்று அவர் பக்கத்திலேயே போய் நின்றாள். அப்பம் அவள் நாக்கில் வைக்கப்படுவதை அவர் பார்த்தார். அன்று எங்கள் வீட்டு விருந்திலும் அவர் இரண்டு வாழைப்பழம் தின்றுவிட்டுப் போனார். சாப்பிடாமல் போய்விட்டாரே என்று லூர்து அன்று அழுதாள். பிள்ளைகளுக்கெல்லாம் பரோட்டா போட்டிருந்தோம். ஸ்டெல்லா நன்றாகச் சாப்பிட்டாள்.

"தண்ணியையும் வாங்கிக்கிட்டீக" என்றேன். அவர் அடுத்த கொடியைக் கட்டப் போனார். நானும் வந்துவிட்டேன்.

அடுத்த முறை மதுரை போனபோது என்னையும் லூர்தையும் சோதித்தார்கள். லூர்துக்கு இல்லை. எனக்கு இருந்தது. நாற்பது வருடத்து வாய்ப்புண்ணுக்கு அன்றுதான் பெயர் கிடைத்தது. டாக்டர் விளக்கினார். இது மரபணு (பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் குறிப்பு) வழியாக வருகிறது. மரபணு இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் ஒருவருக்கு வந்தால் தாய், தகப்பன், உடன்பிறந்தவர், பிள்ளை எல்லோரும், தொந்தரவு இல்லாவிட்டாலும், ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதுவும் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டால் சோதனையில் சரியாகத் தெரியாதாம்.

பிள்ளைக்குக் கொடுத்தவன் நான். தெரியாமல் கொடுத்தேன். தெரிந்தவர் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து இன்னும் பார்த்துக் கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இந்த நோய் என்று சொல்லப்பட்டிருந்தால், கூடப் பிறந்தவர்களுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் ஆள் விட்டுச் சொல்லுங்கள். என்னைப் போல் கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கேட்டுவிடுங்கள். ஏன் சாப்பிடவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அண்ணன் பொய்யாவது சொல்லியிருப்பார். அந்தப் பொய்யை வைத்து நான் யோசித்திருப்பேன்.

கோதுமையை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. ஸ்டெல்லா வயதுக்கு வந்துவிட்டாள். பள்ளிக்கூட வரிசையில் அவளுக்கு முன்னால் இப்போது நான்கு பேர் நிற்கிறார்கள். என் வாய் ஆறிவிட்டது. புளிக்குழம்பு எரியாமல் இறங்குகிறது. மற்றவர்களுக்கெல்லாம் சாப்பாடு இப்படித்தான் இருந்திருக்கிறது என்பது ஐம்பதை நெருங்கும்போது எனக்குத் தெரிகிறது.

பங்குச் சாமியாரிடம் லூர்துதான் போய்ச் சொன்னாள். அப்பத் துணுக்கு எதுவும் படாத தனிக் கிண்ணத்தில் எங்களுக்குப் பூசைத் திராட்சை ரசம் மட்டும் கொடுப்பதாகச் சொன்னார். கோதுமை கூடாதவர்களுக்கு அது போதும், அதுவும் முழு நன்மைதான் என்று பூசையில் எல்லோர் முன்னாலும் அறிவித்தார்.

முதல் ஞாயிறு அண்ணன் எழுந்தார். ஏழு, எட்டு வருடத்துக்குப் பிறகு நடுப்பாதையில் நடந்து போனார். கோயிலே திரும்பிப் பார்த்தது. ஸ்டெல்லா எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றாள். பெரியப்பாவின் தோளுக்கு வந்துவிட்டாள்.

நான் எழுந்திருக்கவில்லை. கோபத்தை வைத்துக்கொண்டு வாங்கக் கூடாது. அண்ணனைப் பற்றி நான் தப்பாக நினைத்த காரணம், இப்போது எனக்குச் சரியான காரணமாக இருக்கிறது.

உடம்புக்கு முடியாமல் போன நாளிலிருந்து ஸ்டெல்லா பின்பெஞ்சில் என்னோடுதான் உட்காருவாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க வரலையாப்பா?"

"அடுத்த வாரம் பாப்போம்த்தா."

அதற்குப் பிறகு பல வாரம் போய்விட்டது. ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறாள், நான் அதையே சொல்கிறேன். அவள் உட்காரும்போது அவள் தோள் என் கையில் படும். முன்பு முழங்கைக்குப் பக்கத்தில் பட்டது. இப்போது அதற்கு மேலே படுகிறது.